சர்வ சுதந்திர பாத்தியம்: நிலம் உங்களுடையதுதான், எதுவரைக்கும்?

வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். முத்திரைத்தாள் பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து, பத்திர எழுத்தரின் அவசரக் கையெழுத்தில் இருக்கும். சொத்து விவரத்துக்குச் சற்று முன்னால் மூச்சு விடாமல் ஒரு வாக்கியம் ஓடும். ஊருக்கு ஊர் சொல் கொஞ்சம் மாறும், மற்றபடி ஏறக்குறைய இதுதான்: "மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே, தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், நிதி நிட்சேப ஜல தரு பாஷாண அட்சிணி ஆகாமி சித்த சாத்தியம் என்னும் அஷ்டபோக சுவாமியங்களுடன், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது."

அஷ்டபோகம் என்றால் எட்டு வகை அனுபவ உரிமை. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கொடை நிலத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பட்டியல் இது. புதையல், வைப்புப் பொருள், நீர், கல், இப்போது கிடைக்கும் வருமானம், இனி வரப்போவது, ஏற்கெனவே கைகூடியது, இனிமேல் உண்டாக்கக் கூடியது என்று பொருள் சொல்வார்கள். பின்னால் உள்ள நான்குக்கும் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. நடுவில் 'தரு', அதாவது மரம், நுழைந்து எட்டு ஒன்பதாகிவிட்ட பத்திரங்களும் ஏராளம். அதைப் பற்றி எந்தப் பத்திர எழுத்தரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த வாக்கியத்தைப் படித்தால் ஒரு சின்ன ராஜ்ஜியமே கைக்கு வந்தது போலிருக்கும். சொத்துச் சட்டத்தை முதன்முதலில் படிக்கிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான்: பாடப்புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இன்றைய சட்டத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். சில சொற்கள் முழுசாக நிற்கும், சில பாதிதான், ஒன்றிரண்டு வெறும் அலங்காரம்.

சாவிக்கொத்து

அதற்கு முன் அடிப்படையான ஒரு விஷயம். 'இந்த நிலம் என்னுடையது' என்று சொல்லும்போது எனக்கும் மண்ணுக்கும் இடையிலான உறவைச் சொல்வதாக நினைக்கிறோம். சட்டம் பார்ப்பது எனக்கும் மற்ற மனிதர்களுக்கும் இடையிலுள்ள உறவை. ஆளே இல்லாத தீவில் ஒருவர் தனியாக இருந்தால் அவருக்குச் சொத்துரிமை என்ற பேச்சே தேவையில்லை. இன்னொருவர் கரையேறும்போதுதான் 'இதற்குள் வராதே' என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி பிறக்கிறது.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமையைக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்குச் சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்வது வசதி. குடியிருக்க ஒரு சாவி, அடுத்தவரைத் தடுக்க ஒன்று, விளைச்சலை எடுக்க ஒன்று, வாடகைக்கு விட, அடமானம் வைக்க, விற்க, உயில் எழுத, இடித்துத் தள்ள என்று ஒவ்வொன்றாக. கொத்து முழுதும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் குடியிருக்கும் சாவி வாடகைதாரரிடம் போய்விடுகிறது. நினைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. போக்கியத்துக்கு விட்டாலும் அப்படித்தான்: பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கிறார், சொந்தக்காரர் என்ற பெயர் மட்டும் நம்மிடம். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால், வீட்டில் நாம்தான் இருப்போம். கடன் கட்டாவிட்டால் விற்கும் சாவி வங்கியிடம். இந்த மூன்றிலும் 'வீடு யாருடையது?' என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். 'இன்று இந்த வீட்டில் யார் என்ன செய்யலாம்?' என்று கேட்டால்தான் மூன்றும் வேறு வேறு என்று தெரியும். சொத்துச் சட்டம் படிப்பது என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான்.

சரி, கொத்து முதலில் எப்படிக் கைக்கு வருகிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54-ஆவது பிரிவு. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். இன்று 100 ரூபாய்க்கு எந்த நிலமும் கிடையாது என்பதால் எல்லா விற்பனைக்கும் இதுதான் விதி. கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டால் பாதி சொந்தக்காரராகிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அதே பிரிவு எழுதி வைத்திருக்கிறது. விற்பவர் முரண்டு பிடித்தால் 'எழுதிக் கொடு' என்று வழக்குப் போடலாம், அவ்வளவுதான். பவர் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டு அதையே கிரயமாக நடத்தும் பழக்கத்துக்கும் 2011-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. பட்டா? அது வருவாய்த் துறையின் பதிவு, யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கான கணக்கு. பட்டா ஒரு முக்கியமான சான்றுதான். ஆனால் அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இருந்தும் நம் ஊரில் 'பட்டா என் பேர்ல இருக்கு' என்ற ஒரு வாக்கியத்தில் தொடங்கும் சண்டைகள் ஓய்ந்தபாடில்லை.

நிலத்துக்குக் கீழே

இனி அஷ்டபோகம். முதல் சொல் நிதி, அதாவது புதையல். அஸ்திவாரம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தது, ஏர் ஓட்டும்போது காசுப்பானை கிடைத்தது என்று செய்தி வருகிறதே, அந்த இடத்தில் பத்திரத்தின் சொல் செல்லாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு. உரியவர் யாரும் வராமல், உரிமையாளரற்ற பொருள் என்று அறிவிக்கப்பட்டால் பங்கீடு வேடிக்கையானது: வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. ஆழத் தோண்டிய கூலியாள் நிலத்தின் சொந்தக்காரரைவிட மூன்று மடங்கு பெறுகிறார். அரசு விரும்பினால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்ளவும் முடியும். தொல்பொருளாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் கூடவே வரும்.

பாஷாணம், கல். இதில்தான் ஒரு ஆச்சரியம். நிலத்துக்கு அடியில் உள்ள கனிமம் எல்லாம் அரசுடையது என்றே நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியான மலபாரில் ஜன்மி நிலம், அதாவது பரம்பரையாக முழு உரிமையோடு வந்த நிலம், வைத்திருந்தவர்கள் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: நிலத்தடிக் கனிமம் எல்லாம் அரசுக்கே சொந்தம் என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, முறைப்படி சட்டம் போட்டுப் பறிக்காத வரையில் அடிமண் உரிமை மேல்மண் உரிமையோடுதான் போகும். உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். கனிமம் உங்களுடையதாகவே இருக்கலாம். அதை வெட்டி எடுக்கும் சாவி வேறு. 1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சிறு கனிம விதிகளும் அந்தச் சாவியை அரசிடம் வைத்திருக்கின்றன. சொந்தப் பட்டா நிலத்தில் கிராவல் எடுத்து லாரியில் ஏற்றினாலும் அனுமதி, கட்டணம், நடைச்சீட்டு என்று எல்லாம் வேண்டும். சொந்தம் என்பதும் செய்யலாம் என்பதும் பிரிந்து நிற்கும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜலத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகராட்சி ஊருக்குக் குடிநீர் கொடுத்துவந்தது. அந்த நீர் பக்கத்து மேட்டில் இருந்த பிக்கிள்ஸ் என்பவரின் நிலத்துக்கு அடியில் கசிந்து வருகிறது. பிக்கிள்ஸ் தன் நிலத்தில் குழி தோண்டி நீரை வற்றவைத்தார். நகராட்சி வேறு வழியில்லாமல் தன்னிடம் நல்ல விலைக்கு நிலத்தை வாங்கும் என்பது அவர் கணக்கு என்று நகராட்சி சொன்னது. வழக்கு 1895-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. தீர்ப்பு பிக்கிள்ஸுக்குச் சாதகம். வரையறுத்த வாய்க்காலில் ஓடாமல் மண்ணுக்குள் கசியும் நீரை நிலத்துக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், எண்ணம் கெட்டதாக இருந்தாலும் செயல் சட்டப்படியானதுதான் என்றார்கள்.

இதே கொள்கை நம் சட்டத்தில் அதற்கு முன்பே ஏறிவிட்டது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில், நிலத்தடியில் வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நீரைத் தன் எல்லைக்குள் சேர்த்து எடுத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நிலத்துக்காரருக்கும் உண்டு என்று ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கபிலை ஏற்றத்தில் இறைத்த காலத்தில் அது யாரையும் பாதிக்காத விதி. மாடு இழுக்கிற அளவுதான் தண்ணீர் வரும். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டு, நீர்மூழ்கி மோட்டார் இறக்கி, இரவும் பகலும் இறைக்கும் காலத்தில் அதே விதி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைக் காலி செய்துவிடுகிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்ற ஊரில் நடந்தது இதுதான். கோக்கோ கோலா ஆலை தன் வளாகத்துக்குள் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நீர் எடுத்தது. சுற்று வட்டாரக் கிணறுகள் கெட்டுப்போயின என்று மக்கள் போராடினார்கள். 2003-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர், நிலம் வைத்திருப்பதால் மட்டும் அளவில்லாமல் உறிஞ்ச உரிமை வந்துவிடாது என்றார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு நேர்மாறாக, சட்டத் தடை இல்லாதபோது நிலத்துக்காரர் நீர் எடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் சென்னைப் பகுதிக்கு 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுதுக்குமாக 2003-இல் இயற்றிய சட்டத்தை 2013-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால், அஷ்டபோகப் பட்டியலில் இன்றைக்கும் பழைய வலுவோடு நிற்பது ஜலம்தான். அப்படி நிற்கக் கூடாதது எது என்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

தரு: சொந்தக் காட்டில், அதாவது விளைநிலத்தில், சந்தன மரம் நட்டு வளர்க்கலாம்; வெட்டி விற்க வனத்துறையின் வழியாகத்தான் போக வேண்டும்.

நிலத்துக்கு மேலே

நிலம் யாருடையதோ, வானம் வரையிலும் பாதாளம் வரையிலும் அவருடையதே என்று ஒரு பழைய லத்தீன் வாக்கு உண்டு. விமானம் வந்ததும் அது ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்போரோ அருகே ஒரு சின்னக் கோழிப்பண்ணை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பக்கத்து விமான தளத்திலிருந்து ராணுவ விமானங்கள் வீட்டுக் கூரைக்கு வெறும் 67 அடி உயரத்தில் பறந்தன. கோழிகள் மிரண்டு சுவரில் மோதிச் செத்தன. 150 வரை போயின, பண்ணையே படுத்துவிட்டது. 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. வானம் வரை சொந்தம் என்ற கொள்கைக்கு இன்றைய உலகில் இடமில்லை. அதே சமயம், நிலத்தை அனுபவிக்க முடியாத அளவுக்குத் தாழ்வாகப் பறந்தால் அது நிலத்தையே எடுத்துக்கொண்டது போலத்தான், இழப்பீடு கொடு. இந்தியாவில் இந்தக் கேள்வியை 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டமே முடித்துவிட்டது: நியாயமான உயரத்தில் பறந்ததை மட்டும் காட்டி அத்துமீறல் வழக்குப் போட முடியாது.

மேல்நோக்கிய உரிமையில் நம்மை உண்மையில் உரசுவது விமானத்தைவிடக் கட்டட விதிகள்தான். பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம் என்று விதிகள் சொல்லும். விமான நிலையத்துக்குப் பக்கம் என்றால் உயரத்துக்குத் தனித் தடை. மாமல்லபுரம் போல மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்கள் உள்ள ஊர் என்றால், 2010-இல் வந்த திருத்தத்தின்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். அந்த ஊர்க்காரர் கையிலுள்ள பத்திரமும் நம்முடையதைப் போலவே 'சர்வ சுதந்திர பாத்தியம்' என்றுதான் சொல்லும்.

பக்கத்துக் காட்டுக்காரர்

அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு. ரோடு முன்பக்கம். பத்து வருடம் சும்மா போய்வந்தார்கள். அப்புறம் ஒரு நாள் அண்ணன் வேலி போட்டுவிட்டார். பத்திரத்தில் வழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி என்ன செய்வார்?

இங்கே வருவது வசதியுரிமை. கோர்ட்டில் ஈஸ்மென்ட் என்பார்கள். ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொருவர் நிலத்தின் மேல் இருக்கும் உரிமை. தம்பிக்கு வேறு வழியே இல்லை என்றால், ஒன்றாக இருந்த சொத்து பிரிந்தபோதே அவசியத்தால் வழியுரிமை பிறந்துவிட்டது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. பத்திரம் பேசாவிட்டாலும் சட்டம் பேசும். ஆனால் சுற்றிப் போக வேறு வழி இருந்தால், அது எவ்வளவு தொலைவாக இருந்தாலும், 'அவசியம்' என்று வாதாடுவது கடினம்.

இன்னொரு வகை, நாள்பட்ட அனுபவத்தால் வருவது. 15-ஆவது பிரிவுப்படி 20 ஆண்டு, வெளிப்படையாக, தகராறில்லாமல், இடைவிடாமல், உரிமையோடு ஒரு பாதையில் போய்வந்தால் அது உரிமையாகிவிடும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. இதில் 'உரிமையோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'போகட்டும் பாவம்' என்று அனுமதித்து நடந்தால் 40 ஆண்டு நடந்தாலும் அது உரிமையாகாது. அனுமதி என்றைக்கும் அனுமதிதான். நல்ல மனசோடு வழிவிட்டவரைச் சட்டம் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் நடந்தது அனுமதியிலா உரிமையிலா என்று 20 வருடம் கழித்து நிரூபிப்பது எளிதா என்ன? அதனால்தான் விவரம் தெரிந்த பெரியவர்கள் வழிவிடும்போது ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிவிடுவார்கள்.

வழியோடு நிற்காமல் நிலமே கைமாறும் விதியும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, ஊரறிய, 12 ஆண்டு தன்னுடையதாகவே வைத்திருந்து, நீங்கள் வழக்குப் போடாமல் இருந்தால், வழக்குப் போடும் காலம் மட்டும் முடிவதில்லை. 27-ஆவது பிரிவு உங்கள் உரிமையையே அழித்துவிடுகிறது. எதிரிடை அனுபவம் என்று இதற்குப் பெயர். வாடகைதாரரோ, வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தாரின் பங்கைப் பார்த்துக்கொள்பவரோ வெறுமனே காலம் கடத்தி இதைக் கோர முடியாது. அவர்கள் வந்ததே அனுமதியோடு அல்லது பங்குரிமையோடு. உச்ச நீதிமன்றமே 2008-இல் இந்தச் சட்டம் அறிவுக்குப் பொருந்தவில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அரசிடம் சொன்னது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில், மாற்றத் தேவையில்லை என்று பதில் சொன்னது.

சொந்தக்காரருக்கு அக்கம்பக்கத்தாரிடம் கடமையும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலை முதலாளி ஒருவர் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் இருந்த பழைய சுரங்கக் குழிகள் வழியே நீர் இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அவர் பேரில் கவனக்குறைவு இல்லை. இருந்தும், ஆபத்தானதை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால் அது வெளியே போய்ச் செய்யும் கேட்டுக்கு நீதான் பொறுப்பு என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்த்தது.

ஆறே வருடத்தில் இதே வாதம் நம் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் போனது. சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகர ஜமீனில், இன்றைய ஆந்திரத்தில் திருப்பதிக்குத் தெற்கே, பெருமழையில் இரண்டு பழைய ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் ரயில் பாதையைச் சேதப்படுத்தின. கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குப் போட்டது: உன் ஏரி, உன் நீர், நீயே கொடு. 1874-இல், பிரிட்டிஷ் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மறுத்தது. லங்காஷயர் முதலாளி தன் வசதிக்காக நீரைச் சேர்த்தார். இந்த ஏரிகளோ பல தலைமுறையாக நாட்டின் பாசனத்துக்காக இருப்பவை. அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. ஏரியே வேண்டாம் என்று தூர்த்துவிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆகவே கவனக்குறைவை நிரூபித்தால்தான் அவர் பொறுப்பு. எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடிக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரரின் கொத்தில் ஒரு சாவி, அழிக்கும் சாவி, தொடக்கத்திலிருந்தே இல்லை என்று பிரிவி கவுன்சில் சொன்னது. இன்று ஏரிகளைத் தூர்த்து மனைப்பிரிவு போட்ட இடங்களைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

விற்கும் சாவி

தனியார் ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு, 'நீ இதை யாருக்கும் எப்போதும் விற்கக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதினால் அந்த நிபந்தனை செல்லாது. சொத்து மாற்றுச் சட்டம் 10-ஆவது பிரிவு. அரசு நிபந்தனையோடு ஒப்படைக்கும் நிலம் வேறு கதை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், நிலமற்ற பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, அதற்குப் பின்னும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கைமாறலாம் என்று நிபந்தனை. வறுமையைப் பயன்படுத்தி யாரும் எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே விற்கும் சாவியைக் கழற்றி வைத்தார்கள். அப்படியும் பெருமளவு நிலம் கைமாறிப் போய்விட்டது. மீட்கச் சொல்லி இன்றும் போராட்டம் நடக்கிறது. உரிமையைக் குறைப்பது சில நேரம் உரிமையாளரைக் காக்கவும்தான் என்பதற்கு இது சாட்சி. எழுதி வைத்த நிபந்தனை தானாக வேலை செய்யாது என்பதற்கும் இதுவே சாட்சி.

பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கு (தமிழ்நாட்டில் 1989, நாடு முழுதும் 2005), பெற்றோரைக் கவனிப்பதாகச் சொல்லித் தான செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு கைவிட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை ரத்து செய்யலாம் என்பது போன்றவையும் கொத்தைச் சுருக்குபவைதான். அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

அரசு வாசலில் நிற்கும்போது

1950-இல் அரசமைப்புச் சட்டம் வந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமை. ஜமீன் ஒழிப்பு, நில உச்சவரம்பு என்று ஒவ்வொன்றாக அதனோடு மோதின. தமிழ்நாட்டில் 1961-இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்த உச்சவரம்பு 1970-இல் 15 ஆனது. கடைசியில் 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து, 300ஏ என்ற ஒற்றை வரிப் பிரிவாக வைத்தது: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது.

ஒற்றை வரிதானே என்று நினைக்க வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தில் எழுத்தறிவில்லாத ஒரு விதவையின் நிலத்தில் 1960-களின் இறுதியில் அரசு ரோடு போட்டுவிட்டது, ஒரு பைசா கொடுக்கவில்லை. அவர் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் வந்தபோது, '12 வருடத்துக்கு மேல் அனுபவித்துவிட்டோம், எதிரிடை அனுபவத்தால் எங்களுடையதாகிவிட்டது' என்று வாதிட்டது அரசு! குடிமக்களின் நிலத்தை இப்படிக் கோரும் தகுதி ஒரு மக்கள்நல அரசுக்குக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வைத்தது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் அந்த ஒற்றை வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாக நீதிமன்றம் பிரித்துக் காட்டியது: முன்னறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு, காரணம் கூறும் முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத நடவடிக்கை, முறைப்படியான முடிப்பு. பத்திரத்தில் எட்டு, நீதிமன்றத்தில் ஏழு. அதே ஆண்டு நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள் வளம் ஆகிவிடாது என்றும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

எடுக்கும்போது எவ்வளவு கொடுக்க வேண்டும்? 2013-இல் வந்த நில எடுப்புச் சட்டம், 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2014 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள எண்ணால் பெருக்கி, அதன்மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 விழுக்காட்டினரின் ஒப்புதலும் வேண்டும். அரசு தனக்கே எடுக்கும்போது இந்த ஒப்புதல் விதி வராது. தமிழ்நாடு தன் நெடுஞ்சாலை, தொழில் திட்ட எடுப்புகளுக்குத் தனிச் சட்டங்கள் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நிலத்தையே எடுப்பதாவது கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு சாவியை மட்டும் உருவிக்கொள்வதுதான் புரியக் கடினம். கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலம் வழியாகப் போகும் என்றபோது விவசாயிகள் கொதித்தார்கள். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி கெயில் கேட்டது நிலத்தை அல்ல, பயன்பாட்டு உரிமையை மட்டும். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், பட்டா மாறாது, உழலாம், விதைக்கலாம். அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு 'மரம் மட்டும் கூடாது' என்றால் என்ன மிச்சம்? இதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு, பயிர்ச் சேதம் தனி. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி மாநில அரசு 2013-இல் போட்ட தடை நிற்கவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்த்தது. சொந்தம் முழுசாகக் கையில் இருந்தும் அனுபவம் தேய்ந்துபோகும் கணக்கை 10 விழுக்காடு என்று எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய பத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, இப்போது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்துக்கு வாருங்கள். நான்கு எல்லைக்குப் பிறகு, அஷ்டபோகத்தின் ஆரவாரம் எதுவும் இல்லாமல், சின்னதாகச் சில வரிகள் இருக்கும். எங்கள் தாத்தா வாங்கிய காட்டுப் பத்திரத்தில் அது இப்படி: 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறைத் தண்ணீர் பாத்தியமும், வடபுறம் மாமூல் வண்டித்தட பாத்தியமும் சகிதம்.' பக்கத்துக் காட்டுக்காரரிடம் அவருடைய பத்திரத்தை ஒரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே தடம் அதில் 'மேற்படி தடம் போக நீக்கி' என்று இருந்தது. அவர் இன்றும் அந்தத் தடத்தின் ஓரம் வரைக்கும்தான் ஏர் ஓட்டுகிறார்.